ஓதமா, செல்லா? சுவருக்குள் ஒளிந்திருக்கும் கரையானைக் கருவிகள் கண்டுபிடிக்கும் விதம்

பழைய வண்ணாரப்பேட்டையில் என் பெரியம்மா வீட்டுச் சமையலறை வாசலில், நிலைக்காலை ஒட்டிச் சுவரில் பெயின்ட் உப்பியிருந்தது. போன ஐப்பசி மழைக்கு அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. பெரியம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "ஏம்ப்பா, இது ஓதமா, செல்லா?"

வடசென்னையில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு மழைக்காலத்தில் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம் என்றால் கொத்தனாரையும் குழாய் வேலைக்காரரையும் கூப்பிட வேண்டும். செல், அதாவது கரையான் என்றால் மருந்து அடிப்பவரைக் கூப்பிட வேண்டும். ஆளை மாற்றிக் கூப்பிட்டால் காசு போகும், தொல்லை இருந்த இடத்திலேயே இருக்கும்.

எங்களுக்கு அது நடந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வீட்டில் கரையான் என்று சந்தேகப்பட்டு ஒரு நிறுவனத்தை வரவழைத்தோம். வந்தவர்கள் வீடு முழுக்கத் தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் அடிக்கு ஒன்றாக ஓட்டை போட்டு, மருந்தை ஏற்றி, சிமெண்டால் அடைத்துவிட்டுப் போனார்கள். கரையான் எங்கே இருக்கிறது, எந்த வழியாக வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரு வாரம் மருந்து நெடி. அடுத்த வருடமே சமையலறைப் பக்கம் மறுபடி மண் தெரிந்தது. மருந்து தப்பு என்று நான் சொல்லமாட்டேன். தேடாமல் மருந்து போட்டதுதான் தப்பு. அதற்குப் பிறகுதான் இந்தத் தேடும் கருவிகளைப் பற்றிப் படித்தும், வைத்திருப்பவர்களிடம் கேட்டும், கூடவே நின்று பார்த்தும் தெரிந்துகொண்டேன். அதை இங்கே எளிமையாக எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கரையானைக் கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லப்படுபவற்றில் ஏறக்குறைய எதுவுமே கரையானைக் காட்டாது. ஒன்று ஈரத்தைக் காட்டும். ஒன்று சூட்டைக் காட்டும். ஒன்று அசைவையும், இன்னொன்று சத்தத்தையும் பிடிக்கும். திருடனை நேரில் பார்க்காமல் கால் தடத்தை வைத்துப் பிடிப்பது மாதிரியான வேலை இது. கருவி எந்தத் தடத்தைப் பார்க்கிறது என்று தெரிந்தால், அது எங்கே ஏமாறும் என்பதும் தெரிந்துவிடும். நம் பக்கத்து வீடுகளில் அது ஏமாறுவதற்கு நிறையக் காரணங்கள் இருக்கின்றன.

சரி, கரையானுக்கு வருவோம். வெள்ளை எறும்பு என்று சிலர் சொன்னாலும் அது எறும்பு இனம் இல்லை. கரப்பான் பூச்சிதான் அதற்கு நெருங்கிய சொந்தம். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு கரையானைக் கரப்பான் வரிசையிலேயே சேர்த்துவிட்டார்கள். மரத்தில் இருக்கும் செல்லுலோஸ் என்ற நாரைத்தான் அது தின்கிறது. அதைச் செரிக்கக் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உதவுகின்றன. காகிதம், அட்டை, பருத்தித் துணி எல்லாவற்றிலும் அதே நார் இருப்பதால்தான் பரணில் போட்ட பழைய பாடப் புத்தகத்தையும் அது விடுவதில்லை. ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து நமக்கு இந்தப் பகை இருக்கிறது. செல்லரித்துப்போன ஏடுகளோடு எத்தனை நூல்கள் அழிந்தன என்று கணக்கே இல்லை.

கரையானின் தோல் மிக மெல்லியது. வெயிலும் காற்றும் பட்டால் உடம்பு உலர்ந்து செத்துப்போகும். அதனால்தான் அது வெளியே தலைகாட்டாது. திறந்த இடத்தைக் கடக்க வேண்டியிருந்தால் மண்ணையும் எச்சிலையும் குழைத்துப் பென்சில் தடிமனுக்கு ஒரு குழாய் கட்டி, அதற்குள்ளேயே போய்வரும். மரத்தைத் தின்னும்போதும் மேல்தோலை விட்டுவிட்டு உள்ளேதான் தின்னும். எனாமல் பெயின்ட் அடித்த நிலைக்கால் வெளியே பளபளவென்று நிற்கும். விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போய்விடும்.

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவானவர். வருடம் முழுக்கக் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் இல்லாமல் தரிசிக்கலாம். புற்றைக் கும்பிட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். ஆனால் அந்தப் புற்றைக் கரையான் எதற்காகக் கட்டுகிறது என்று நான் வெகுநாள் யோசித்ததே இல்லை. உள்ளே ஈரமும் சூடும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு உழைப்பு. வீட்டுச் சுவருக்குள் நுழையும்போதும் அது அதே இரண்டைத்தான் ஏற்பாடு செய்துகொள்கிறது. கருவிகள் தேடும் முதல் இரண்டு தடங்கள் அங்கிருந்துதான் வருகின்றன.

வீட்டுக்குள் வருவதில் இரண்டு வகை உண்டு. மண்ணுக்குள் வாழ்ந்துகொண்டு சாப்பாட்டுக்கு மட்டும் மேலே வருவது ஒன்று. மண் குழாய் கட்டுவது இதுதான். நம் வீடுகளில் பெரும்பாலான சேதம் இதனால்தான். இன்னொன்று, காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருப்பது. அதற்கு மண்ணும் வேண்டாம், தனியாகத் தண்ணீரும் வேண்டாம். மரத்தில் இருக்கும் கொஞ்ச ஈரமே போதும். கடலோர ஊர்களில் இந்த உலர்மரக் கரையான் அதிகம். அது மண் குழாய் கட்டாது. மரத்திலிருந்து சின்ன ஓட்டை வழியாகத் தன் எச்சத்தை வெளியே தள்ளும். கையில் எடுத்துப் பார்த்தால் கசகசா மாதிரி உருண்டு ஓடும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை தெரியும். அப்படி இல்லாமல் டால்கம் பவுடர் மாதிரி மாவு கொட்டினால் அது கரையானே கிடையாது, மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. "கட்டில் உளுத்துப்போச்சு" என்கிறோமே, அது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க எந்த மெஷினும் வேண்டாம். வெள்ளைக் காகிதத்தில் கொட்டிப் பார்த்தாலே போதும்.

மெஷினுக்கு முன்னால் கண், காது, டார்ச் லைட் மூன்றையும் பயன்படுத்திவிட வேண்டும். மழை பெய்த சாயங்காலம் ஈசல் வெளியிலிருந்து விளக்குக்கு வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்கு உள்ளே, சுவர் விரிசலிலிருந்தோ கதவு நிலையிலிருந்தோ ஈசல் கிளம்பினால் புற்று வீட்டிலேயே இருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் காலையில் ஜன்னல் திண்டில் உதிர்ந்த சிறகுகள் கிடக்கும். ஸ்விட்ச் போர்டையும் பாருங்கள். சுவருக்குள் ஒயர் போகும் குழாய் கரையானுக்கு ஆள் நடமாட்டம் இல்லாத நல்ல பாதை. எலக்ட்ரீஷியன் போர்டைக் கழற்றும்போது உள்ளே மண் அப்பியிருந்தால் அதுவே பெரிய துப்பு. மெயினை அணைக்காமல் நீங்களாக அதில் கை வைக்க வேண்டாம்.

அப்புறம் தட்டிப் பார்ப்பது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் நிலைக்காலைக் கீழிருந்து மேல்வரை தட்டினால் நல்ல மரம் கணீரென்றும், உள்ளே கூடாகிப்போன மரம் பொத்தென்றும் சொல்லும். தச்சர்கள் இதை மெஷினைவிட வேகமாகச் செய்வார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. கருவியோடு ஆள் வரும் அன்றைக்குத் தட்டாதீர்கள். அதிர்வு வந்ததும் கரையான்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பின்வாங்கிவிடும். அசைவையும் சத்தத்தையும் தேடும் கருவிக்கு அப்புறம் ஒன்றும் கிடைக்காது.

இனி கருவிகள்.

கையடக்கமான ஈரப்பத மீட்டரிலிருந்து தொடங்குவோம். பின் வைத்த மீட்டரில் ஊசி மாதிரி இரண்டு முனை இருக்கும். மரத்தில் குத்தினால் ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்குக் கொஞ்சம் மின்சாரத்தை அனுப்பிப் பார்க்கும். காய்ந்த மரம் மின்சாரத்தை ஏறக்குறைய விடவே விடாது. ஈரம் ஏற ஏற விடும். இந்த வித்தியாசம் மிகப் பெரியது. மரத்தின் ஈரம் 7 விழுக்காட்டிலிருந்து 25-க்குப் போனால் மின்தடை பல்லாயிரம் மடங்கு குறைந்துவிடும். அதனால்தான் சின்னக் கருவியாலும் அதைத் துல்லியமாக அளக்க முடிகிறது. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. குத்தாமல் மேலே வைத்து அளக்கும் வகையும் உண்டு.

பொதுவாக வீட்டு மரத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் போனால் சந்தேகப்படச் சொல்வார்கள். ராயபுரம், காசிமேடு மாதிரி கடற்காற்று அடிக்கும் இடத்தில் நல்ல மரமே 14, 15 காட்டும். காற்றில் இருக்கும் ஈரத்தை மரம் இழுத்துக்கொள்வதால் அப்படி. அதனால் ஒரு இடத்து எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுவதில் பயனில்லை. உங்கள் வீட்டிலேயே நான்கு கதவு நிலைகளை அளந்து, எது மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

மரத்தை அளப்பது பரவாயில்லை. சுவரை அளக்கும்போதுதான் நம் ஊர் மீட்டரை ஏமாற்றும். பழைய வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கும். நிலத்தடி நீரில் இருக்கும் உப்பு, செங்கல் வழியாக ஈரத்தோடு ஏறி, ஈரம் காய்ந்ததும் அங்கேயே தங்கிவிடும். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் கொஞ்சம் நசநசப்பு இருந்தாலே மீட்டர் உச்சத்துக்குப் போய்ச் சிவப்பு விளக்கு எரியும். அதைக் காட்டி "சுவர் முழுக்கக் கரையான்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். உப்புச் சுவரில் அந்த மீட்டர் சொல்வது உப்பைத்தான். இன்னொரு குறையும் உண்டு. உலர்மரக் கரையானுக்கு ஈரம் தேவையில்லை என்பதால், அது இருக்கும் கட்டிலை இந்த மீட்டர் நல்ல மரம் என்றே சொல்லும்.

அடுத்தது தெர்மல் கேமரா. எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரை, சுமார் 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில், இந்தக் கேமரா வாங்கி வண்ணப் படமாக்குகிறது. குளிர்ந்த இடம் நீலம், சூடான இடம் மஞ்சளோ சிவப்போ. நல்ல கேமரா 0.05 டிகிரி வித்தியாசத்தைக்கூடப் பிடிக்கும். கொரோனா நாட்களில் கட்டடங்களின் வாசலில் உடல் சூடு பார்த்த கேமராக்களும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்தன.

படத்தைப் பார்க்கும்போது சுவரை ஊடுருவிப் பார்ப்பது மாதிரித் தோன்றும். அப்படி இல்லை. சுவரின் மேல் பரப்பு எவ்வளவு சூடு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். உள்ளே நடப்பதன் விளைவு மேல் பரப்பின் சூட்டை மாற்றினால்தான் நமக்குத் தடம் கிடைக்கும். அது இரண்டு விதமாக நடக்கும். கரையான் இழுத்து வைத்த ஈரம் ஆவியாகும்போது அந்த இடம் குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரி. அல்லது, நிறைய கரையான் ஒரே இடத்தில் கூடியிருந்தால் அவற்றின் மூச்சாலும் செரிமானத்தாலும் கூடு கொஞ்சம் சூடாகும். ஆக, நீலமும் துப்பாகலாம், சிவப்பும் துப்பாகலாம். சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயும் அதே மாதிரிக் கோடு போடும்.

இந்தக் கேமராவுக்குச் சூட்டில் வித்தியாசம் வேண்டும். வெயில் காலத்து மத்தியானத்தில் சுவர், மரம், காற்று, கரையான் எல்லாமே ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும்போது படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. மேற்குப் பார்த்த சுவர் வாங்கிய வெயிலை இரவு வெகுநேரம் வரை விட்டுக்கொண்டே இருக்கும். அதில் சாயங்காலம் கேமரா வைப்பது வீண். விடியற்காலைதான் நல்ல நேரம், அதிலும் மார்கழி, தை மாதங்கள். ஏசி இருந்தால் இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் எடுத்தால் இன்னும் தெளிவாகும். சமையலறையின் பளபளப்பான டைல்ஸில் கவனம் தேவை. அது கண்ணாடி மாதிரி எதிரே நிற்பவரின் உடல் சூட்டைத் திருப்பிக் காட்டும். சுவரில் தெரிந்த சிவப்பு உருவம் நீங்கள் நகர்ந்தால் கூடவே நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் அது நீங்கள்தான்.

எனக்கு இருப்பதிலேயே பிடித்தது ரேடார்தான். ஆஸ்திரேலியாவில் உருவான டெர்மாட்ராக் என்ற கருவி இதில் பெயர் பெற்றது. அந்த நாட்டில் மர வீடுகள் அதிகம், கரையானும் அதிகம். அது 24 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் அலையைச் சுவருக்குள் அனுப்புகிறது. கிட்டப்போனதும் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுகளுக்கு மேலே இருக்கும் சென்சார்களில் பல இதே அலையில்தான் ஓடுகின்றன. காய்ந்த மரம், ப்ளைவுட், ஜிப்சம் பலகை இவற்றை அலை ஓரளவு சுலபமாகக் கடந்துவிடும். கரையானின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இந்த அலையை நன்றாகத் திருப்பி அடிக்கும். அசையாத பொருளில் பட்டுத் திரும்பும் அலை எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். அசையும் பொருளில் பட்டால் கொஞ்சம் மாறும். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் ஒரு மாதிரியும், கடந்து போகும்போது வேறு மாதிரியும் கேட்கிறதே, அதே விளைவுதான். அந்த மாற்றத்தைக் கருவி திரையில் ஏறி இறங்கும் பட்டைகளாகக் காட்டும்.

இதன் பெருமை என்னவென்றால், உயிரோடு இருப்பதை மட்டும் காட்டும். பழைய, காலியான அரிப்பில் பட்டை அசையாது. மருந்து போட்ட பிறகு வேலை செய்ததா என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சுவரை உடைக்கவும் வேண்டாம்.

ஆனால் அசைவது எல்லாம் அதற்கு ஒன்றுதான். எறும்பு வரிசையா, கரப்பானா, கரையானா என்று பிரிக்காது. கையில் பிடித்தால் கை நடுக்கத்தையே கரையான் என்று காட்டும். ஸ்டாண்டில் வைத்து, ஃபேனை நிறுத்தி, எல்லோரும் சும்மா நிற்க வேண்டும். வண்ணாரப்பேட்டை, மின்ட் பக்கத்து வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். மறுபக்கம் யாராவது நடந்தாலோ மிக்ஸி ஓடினாலோ கருவி குழம்பலாம். தகரத்தையும் இரும்பையும் அலை கடக்காது. நனைந்த சுவர் அலையைக் குடித்துவிடும். அதனால் ஓதம் ஏறிய தடித்த செங்கல் சுவரில் இதை அதிகம் நம்பக் கூடாது. மர நிலை, கதவு, அலமாரி இவற்றில்தான் இது தன் திறமையைக் காட்டும்.

சத்தத்தைக் கேட்கும் கருவி நம் பழைய வீடுகளுக்கு இன்னொரு விதத்தில் தேவைப்படுகிறது. அதைச் சொல்லக் கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயபுரத்திலும் ஜார்ஜ் டவுனிலும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரை பார்த்திருப்பீர்கள். தேக்கு உத்தரக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே செங்கல்லைக் குறுக்காகச் சுண்ணாம்பில் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, தட்டோடு பதித்த கூரை. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் சுலபத்தில் தொடாது. ஆனால் கட்டையின் ஓரத்தில் வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிமரம் இருந்தால் அதைத் தின்னும். கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில்தான் மழைத்தண்ணீரும் கசிந்து சேரும். வீட்டிலேயே ஆபத்தான இடம் அது. கண்ணுக்கும் தெரியாது, ரேடாருக்கும் சுவர் மறைக்கும்.

கரையான் மரநாரைக் கடித்துப் பிய்க்கும்போது ஒவ்வொரு நாரும் அறும். காய்ந்த ஈர்க்குச்சியை ஒடித்தால் பட்டென்று கேட்பது மாதிரி, அங்கேயும் நுணுக்கமான ஒரு வெடிப்பு. அதில் ஒரு பங்கு நம் காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் எல்லைக்கு மேலே, வௌவால்களின் ஒலி எல்லையில் இருக்கிறது. 60 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும் ஒலியைப் பிடிக்கும் சென்சாரை மரத்தில் ஒட்டி வைத்தால், நிமிடத்துக்கு இத்தனை வெடிப்பு என்று எண்ணிச் சொல்லும். கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் போனாலும், மணலி சாலையில் கன்டெய்னர் லாரி போனாலும் இதை அதிகம் பாதிக்காது. அந்த உறுமல் எல்லாம் மிகக் கீழ் அதிர்வெண். இவ்வளவு சத்தமான ஊரில் இவ்வளவு சின்னச் சத்தத்தைத் தனியே பிரித்தெடுக்க முடிவதற்கு அதுதான் காரணம்.

இந்த ஒலி மரத்தின் நாரோட்டத்தில் கொஞ்ச தூரம் போகும். குறுக்கே சீக்கிரம் அடங்கிவிடும். அதனால் உத்தரக் கட்டைக்குச் சுவருக்கு வெளியே தெரியும் பகுதியில் சென்சாரை ஒட்டினாலே, உள்ளே புதைந்த முனையில் நடப்பதை ஓரளவு கேட்கலாம். ஒவ்வொரு கட்டையாக ஒட்டிப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்பதுதான் சிரமம். போனில் ஏதாவது செயலியை இறக்கிக்கொண்டு இதைச் செய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். போன் மைக் மனிதக் காதுக்காகச் செய்தது.

கடைசியாகப் பாம்பு கேமரா. விரலைவிட மெல்லிய ஒயரின் நுனியில் கேமராவும் சின்ன விளக்கும் இருக்கும். போனில் செருகிக்கொள்ளலாம். 5.5 மில்லிமீட்டர் தடிமனிலேயே கிடைக்கிறது. முதலில் சொன்னேனே, கரையானை நேரில் காட்டுவது இது ஒன்றுதான். ஆனால் ஓட்டை போட வேண்டும் என்பதால் மற்ற கருவிகள் விரல் நீட்டிய இடத்தில் மட்டும் பயன்படுத்துவது நல்லது.

இன்னும் சில உண்டு. கரையான் குடலிலிருந்து மீத்தேன் வாயு வெளிவருவதால் வாயு சென்சாரால் தேடலாம் என்கிறார்கள். பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் சாக்கடை மேலும் இருக்கும் வீடுகளில் மீத்தேனுக்கு வேறு பிறப்பிடம் இருப்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தரையில் புதைக்கும் கண்காணிப்புப் பெட்டிகளும் உண்டு. உள்ளே வைத்த இரையைக் கரையான் கடித்தால் அதில் ஓடும் மெல்லிய மின்சுற்று அறுந்து நமக்குச் செய்தி வரும். யோசனை அழகானது. ஆனால் புதைக்க வீட்டைச் சுற்றி மண் வேண்டும். கொளத்தூர், மாதவரம் பக்கம் கொஞ்சம் தோட்டம் வைத்த வீடுகளுக்குச் சரி. வாசல்படியிலேயே தெரு தொடங்கும் எங்கள் பக்கத்துக்கு ஆகாது.

பெரியம்மா வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். தை மாதம், காலை ஆறு மணி. முதலில் தெர்மல் கேமரா. உப்பிய பெயின்ட் இருந்த இடம் நீலமாகத் தெரிந்தது. அந்த நீலம் அங்கே தொடங்கவில்லை. பின்பக்கக் குளியலறைக் குழாய் உயரத்திலிருந்து சரிந்து இறங்கி நிலைக்கால் அடியில் வந்து நின்றது. அடுத்து மீட்டர். சுவரில் எங்கே வைத்தாலும் உச்சம். உப்புச் சுவர், எதிர்பார்த்ததுதான். மரத்தில் குத்தினோம். மற்ற மூன்று கதவு நிலைகளில் 14, 15. இந்த நிலைக்காலின் மேலே 17, அடியில் 26.

பிறகு ரேடார். மெஷின் கொண்டுவந்த தம்பி அடுத்த வீட்டுக்குப் போய், "அக்கா, பத்து நிமிஷம் இந்தச் சுவர் பக்கம் வராம இருங்க" என்று கேட்டுக்கொண்டு வந்தார். அந்த ஒரு காரியத்திலேயே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. முதலில் நல்ல நிலை ஒன்றில் கருவியை வைத்துப் பட்டை அசையவில்லை என்று காட்டினார். பிறகு இந்த நிலைக்காலில் வைத்தார். அசைந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மூன்று முறையும் அதே இடத்தில் அசைந்தது. பின்னால் மறைவாக 8 மில்லிமீட்டரில் ஒரு ஓட்டை போட்டுப் பாம்பு கேமராவை விட்டோம். போன் திரையில் ஈர மண், அதற்கு நடுவே வெள்ளை வெள்ளையாக ஓட்டம். பெரியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஐயோ, ரெண்டும்தான்" என்றார்.

ஆமாம், இரண்டும்தான். குளியலறைக் குழாய் கசிந்து ஓதம் வந்திருக்கிறது. அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு செல் வந்திருக்கிறது. குழாயைச் சரிசெய்யாமல் மருந்து மட்டும் போட்டதால்தான் போன தடவை அது நிற்கவில்லை. இந்தத் தடவை முதலில் குழாய் வேலைக்காரர் வந்தார். சுவர் ஓரளவு காய்ந்த பிறகு அந்த ஒரு சுவருக்கும் நிலைக்காலுக்கும் மட்டும் மருந்து ஏற்றினோம். கூரைக் கட்டைகளின் முனையில் ஒலி சென்சார் வைத்துப் பார்த்ததில் எதுவும் கேட்கவில்லை. அதனால் அங்கே கை வைக்கவில்லை.

கருவியோடு யாரையாவது கூப்பிடுவதாக இருந்தால் இதையெல்லாம் கேளுங்கள். உங்கள் கருவி எதை அளக்கிறது, ஈரமா, சூடா, அசைவா, சத்தமா? நல்ல இடம் ஒன்றில் வைத்து முதலில் காட்டுவீர்களா? ஒரு கருவி சொன்னதை வேறு விதமான இன்னொரு கருவியால் சரிபார்ப்பீர்களா? எந்த இடம், என்ன அளவு என்று எழுதிக் கொடுப்பீர்களா? ஒரே கருவியை வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் வீட்டைச் சுற்றிவந்து, முழு வீட்டுக்கும் மருந்து என்று ரேட் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். மருந்து போடும் முறைக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் ஐஎஸ் 6313 என்ற விதிமுறை இருக்கிறது. அதன் மூன்றாம் பகுதி, கட்டி முடித்துக் குடியிருக்கும் வீடுகளுக்கானது. அதன்படி செய்வீர்களா என்று கேட்டாலே வந்தவர் எவ்வளவு தெரிந்தவர் என்பது புரிந்துவிடும்.

சொந்தமாக வாங்குவதென்றால் ஒரு பின் மீட்டரும் பாம்பு கேமராவும் போதும். தெரு முழுக்க ஒட்டு வீடுகளாக இருந்தால் நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். கரையான் பொதுச் சுவர் வழியாகவும் வீடு மாறும். ஒரு வீட்டில் மட்டும் தேடுவது பாதித் தேடல்தான். தெர்மல் கேமராவும் ரேடாரும் விலை அதிகம். அதற்குத் தெரிந்த ஆளைக் கூப்பிடுவதே சரி.

பெரியம்மா வீட்டு நிலைக்காலில் மூன்று இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறோம். மாதம் ஒரு தடவை அதே புள்ளிகளில் மீட்டரைக் குத்தி, எண்ணைப் பெரியம்மாவே பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கிறார். அடிப்புள்ளி தையில் 26, மாசியில் 23, பங்குனியில் 18, சித்திரையில் 16. அடுத்த ரேடார் சோதனை ஐப்பசி மழை தொடங்கின பிறகு.